கரி அடுப்பு சரியாக எரியவில்லையா? முதலில் துண்டின் அளவைப் பாருங்கள்

"அண்ணா, ஃபேன் ஓடுது, கரி கறுப்பாவே கிடக்கு. அடுப்பு பழுதாப் போச்சு போல." 2022இலிருந்து இந்த வசனத்தை எத்தனை வாயால் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. காஸ் தட்டுப்பாட்டில் வெற்று சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டி வரிசையில் விட்டுவிட்டுக் காவல் இருந்த காலம் அது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் கிட்டத்தட்ட வீட்டுக்கு ஒரு கரி அடுப்பு வந்து சேர்ந்தது. சிலது கரி கிடக்க இரும்புக் கம்பித் தட்டி போட்டு உள்ளே மண் பூசியது, சிலது பக்கத்தில் சின்ன ஃபேன் பூட்டியது. காஸ் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும், பயறு அவிக்க, எலும்பு வேகவைக்க, கல்யாண வீட்டுக்குப் பால் காய்ச்ச என்று அவற்றைக் கைவிடாத வீடுகள் நிறைய இருக்கின்றன. பழுது என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு இது தொழில் இல்லை, கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அடுப்பில் ஒன்றும் இருக்காது. கரி தவறான அளவில் இருக்கும், அல்லது எல்லா அளவும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். கடையில் "ஒரிஜினல் சிரட்டைக்கரியா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். என்ன அளவு என்று கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

## தொடங்குமுன்: கையில் இருக்க வேண்டிய அளவுகள்

அளவுகோல் தேவையில்லை. பாக்கு, தேசிக்காய், முழு அரைச்சிரட்டை, இந்த மூன்றும் போதும்.

ஃபேன் இல்லாத அடுப்புக்குப் பாக்கிலிருந்து தேசிக்காய் வரை, அதாவது 3 முதல் 5 சென்றிமீற்றர். ஃபேன் அடுப்புக்குப் பாக்களவு, 2 முதல் 3 சென்றிமீற்றர். அதைவிடச் சின்னது எல்லாம் குறுணல். அதைத் தனியாக வையுங்கள், எறிய வேண்டாம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வீடு சூடாக்கும் அடுப்புகளுக்கு விற்கிற நிலக்கரிக்கு அளவை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள்: முட்டை, கொட்டை, பட்டாணி, அரிசி. அரிசி அளவை ஃபேன் வைத்துத் தானாக ஊட்டுகிற அடுப்பில்தான் போடுவார்கள். கையால் அள்ளிப் போடுகிற, ஃபேன் இல்லாத அடுப்பில் கொட்டை அளவு. அங்கே நிலக்கரி, இங்கே சிரட்டைக்கரி. இருந்தாலும் காற்றுக்கு இரண்டும் ஒன்றுதான்: துண்டு சின்னதாகச் சின்னதாக இடுக்கு குறையும், இடுக்கு குறைந்தால் காற்றைத் தள்ளிவிட ஃபேன் வேண்டும்.

சலிக்க ஹாட்வெயார் கடையில் அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை ஒரு முழம் வாங்கி, பழைய பலகைச் சட்டத்தில் ஆணி அடித்துக்கொள்ளுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு வெளியில் வைத்துச் சலியுங்கள். மாடிக்காரர்கள் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டுச் சலிப்பது நல்லது. வெள்ளவத்தையில் நாலாம் மாடி பல்கனியில் சலித்த ஒருவருக்குக் கீழ்வீட்டு மாமியின் வெள்ளைச் சேலையால் வந்த வம்பு எனக்குத் தெரியும்.

## தலையிடி, வயிற்றுப் பிரட்டல், மயக்கம்

இதை மேலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே காரணம் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

நன்றாகப் பிடித்த கரிக்குப் புகை இல்லை. அதனால்தான் ஆட்கள் துணிந்து அதை அறைக்குள் கொண்டுவருகிறார்கள். அதிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை இடித்தால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்காதீர்கள். எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், போகிற வழியில் கைக்கு எட்டுகிற கதவு யன்னலைத் திறந்து விடுங்கள், அம்புலன்சுக்கு 1990ஐ அழையுங்கள். அடுப்பைத் தூக்கி வெளியே வைக்கிறேன் என்று திரும்ப உள்ளே போக வேண்டாம்.

குசினியில் எதிரெதிராக இரண்டு திறப்பு இல்லை என்றால் அங்கே கரி அடுப்பு வேண்டாம். ஏசி அறையிலும் கதவடைத்த படுக்கையறையிலும் ஒருபோதும் வேண்டாம், மழை என்றாலும் சரி.

## பற்றவே மாட்டேன் என்கிறது

முதல் காரணம் துண்டு பெரிது. அரைச்சிரட்டை அப்படியே கிடக்கும், அதன் கீழே காகிதம் எரிந்து முடிந்திருக்கும். சிரட்டைக்கரி மரக்கரியைவிட இறுக்கமானது, மெதுவாகத்தான் பிடிக்கும். சாக்கை மடித்து விரித்து, அதன்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி ஒரு அரைச்சிரட்டையை ஆறேழு துண்டாக்குங்கள். பற்றவைக்க மட்டும் ஒரு பிடி பாக்களவுத் துண்டு, கிடைத்தால் கொஞ்சம் மரக்கரி, அடியில் தேங்காய்த் தும்பு. அது சிவந்த பிறகு பெரியதை மேலே அடுக்குங்கள்.

துண்டு சரி, இன்னும் பிடிக்கவில்லை என்றால் ஈரம். ஒக்டோபர், நவம்பர் மழையில் கொழும்பில் எதுதான் ஈரமில்லை? ஒரு பிடி கரியைத் தெளிவான பொலித்தீன் பைக்குள் போட்டு வாயைக் கட்டி அரை மணிநேரம் வெயிலில் வையுங்கள். பையின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்தால் கரி தண்ணீர் குடித்திருக்கிறது. தகரத்தில் பரப்பி ஒரு முழு நாள் வெயில் காட்டுங்கள். மழைக்காலத்தில் சாக்கை நிலத்தில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள், அல்லது மூடியுள்ள வாளி. எடைக்கு வாங்குகிறவர்கள் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறார்கள் என்பது தனிக் கவலை.

மண்ணெண்ணெய் ஊற்றுவது பற்றி ஒரு வார்த்தை. அணைந்தது போலத் தெரிகிற கரியில் ஊற்றவே கூடாது. சாம்பலுக்குக் கீழே தணல் உயிரோடு இருக்கும். எண்ணெய் ஆவியாகி ஒரேயடியாகப் பற்றும், புருவம் போய்விடும், அதிர்ஷ்டமில்லை என்றால் முகமே போய்விடும்.

## பற்றுகிறது, பத்து நிமிடத்தில் செத்துவிடுகிறது

அதிகம் கூப்பிடுகிறது இதற்குத்தான். எங்கே செத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு குறட்டால் மெதுவாக விலக்கிப் பார்க்க வேண்டும், கிண்டிக் குழப்பினால் தடயம் போய்விடும்.

### மேலே சாம்பல் பூத்திருக்கிறது, கீழே கறுப்பு

குறுணல். பையின் அடியிலிருந்து அள்ளிய கரியில் தூளும் துணுக்கும் பெரிய துண்டுகளின் இடுக்கை நிரப்பிவிடும். காற்று கீழிருந்து ஏற வழியில்லை. மேலே கிடப்பது திறந்த காற்றில் எரிந்து முடியும், அடியில் கிடப்பது அப்படியே கிடக்கும்.

சோதனை எளிது. அடுப்பின் அடியில் உள்ள சாம்பல் கதவைத் திறந்து குனிந்து தட்டியின் அடியைப் பாருங்கள். கம்பிகளுக்கிடையே சிவப்பு தெரிந்தால் காற்று போகிறது. இருட்டாக இருந்தால் அடைப்பு. இன்னும் உறுதி வேண்டுமென்றால் எரிகிற தீக்குச்சியைக் கதவு வாயில் பிடியுங்கள். சுடர் உள்ளே சாய்ந்தால் இழுக்கிறது, நேராக நின்றால் இழுக்கவில்லை.

தீர்வு சலிப்பதுதான். அதன் பிறகும் இருட்டாகவே இருந்தால் கீழே சாம்பல் தட்டியைத் தொடுமளவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சிரித்துவிடாதீர்கள், மூன்று மாதச் சாம்பலை அள்ளாமல் அடுப்பை விற்கப் போனவரை நான் பார்த்திருக்கிறேன்.

### குறுணல் இல்லை, துண்டெல்லாம் நல்ல அளவு, ஆனாலும் கீழே கறுப்பு

சிரட்டைக்கரிக்கே உரிய வினை இது. துண்டு வளைந்திருக்கும் அல்லவா? ஒன்றின்மேல் ஒன்று, கிண்ணத்துக்குள் கிண்ணம் போல உட்கார்ந்துவிடும். பார்வைக்குப் பெரிய துண்டுகள், உள்ளே ஓடு வேய்ந்த கூரை போல மூடி. பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் அவ்வளவு அழகாக, வெற்றிலை அடுக்குவது போல வரிசையாகக் கரியை அடுக்கி வைத்திருந்தார். மூன்று தடவை பற்றவைத்தும் செத்திருந்தது. நான் அடுக்கைக் கலைத்து, அதே கரியை அகப்பையால் அள்ளி மேலிருந்து சும்மா கொட்டினேன். எட்டாவது நிமிடம் தட்டிக்குக் கீழே சிவப்பு தெரிந்தது. "இவ்வளவுதானா தம்பி?" என்று மாமிக்குக் கொஞ்சம் கோபம்.

அடுக்காதீர்கள், கொட்டுங்கள். அப்படியும் கிண்ணம் போட்டால் துண்டை இன்னும் உடையுங்கள். தேசிக்காய் அளவுக்குள் வந்துவிட்டால் வளைவு பெரிதாகத் தொந்தரவு செய்யாது.

### நடுவில் மட்டும் சிவப்பு, சுற்றிவர அப்படியே

கரி போதவில்லை. மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரே அடுக்குப் போடுகிறார்கள். துண்டுக்குத் துண்டு சூடு கொடுத்தால்தான் நிற்கும், தனியே கிடக்கிற துண்டு ஆறிவிடும். தட்டிமேல் குறைந்தது மூன்று விரல் உயரத்துக்குக் கரி இருக்க வேண்டும். சின்னச் சமையலுக்கு அவ்வளவு தேவையில்லை என்றால் கரியைக் குறைக்காமல் இடத்தைக் குறையுங்கள்: தட்டியின் ஓரத்தில் உடைந்த செங்கல் துண்டுகளைச் சுற்றி வைத்து நடுவில் குவியுங்கள். செங்கல் காய்ந்ததாக இருக்கட்டும், நனைந்த கல் சூட்டில் வெடிக்கும்.

### துண்டு தட்டிக்குள்ளால் கீழே விழுகிறது

கம்பி இடைவெளியைவிட ஒன்றரை மடங்காவது பெரிய துண்டு வேண்டும். கரியை மாற்றுங்கள். முடியாவிட்டால் தட்டியை மாற்ற வேண்டும், அது கடைசியில் வருகிறது.

## ஃபேன் ஓடுகிறது, சூடு இல்லை, பொறி மட்டும் பறக்கிறது

ஃபேனைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். குறைத்துப் பாருங்கள்.

குறைத்ததும் பொறி நின்று சிவப்பு பரவினால் கரி மிகவும் சின்னது, காற்று அதைத் தூக்கி எறிந்துகொண்டிருந்திருக்கிறது. குறுணலை நீக்கிப் பாக்களவுக்கு வாருங்கள். பற்றவைக்கும்போது மட்டும் கூட்டி, பிடித்ததும் பாதிக்குக் குறைத்துவிடலாம்.

கூட்டினாலும் குறைத்தாலும் ஒன்றாகவே இருந்தால் காற்று கரிக்கு வருவதே இல்லை. கரியெல்லாம் எடுத்துவிட்டு வெறும் அடுப்பில் ஃபேனைப் போட்டு, தட்டிமேல் ஒரு துண்டு திசுக்காகிதம் வையுங்கள். எழும்பினால் ஃபேன் நல்லது, கரியில்தான் பிழை, முந்திய பகுதிக்குத் திரும்பிப் போங்கள். எழும்பாவிட்டால் இந்த ஒழுங்கில் பாருங்கள்:

ஃபேன் குழாயின் வாயில் சாம்பல் கட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பழைய பல்துலக்கியால் சுரண்டுங்கள். அதற்கடுத்தது அடப்டர். ஃபேனில் ஒட்டியிருக்கிற லேபிளில் எத்தனை வோல்ட், அடப்டரில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 12 வோல்ட் ஃபேனை 5 வோல்ட் போன் சார்ஜரில் கொழுவினால் சோம்பலாகச் சுற்றும், சிலவேளை சுற்றவே சுற்றாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம்கூடக் கரண்ட் இல்லாமல் இருந்தபோது, ஃபேன் அடுப்புக்காரர்கள் பவர் பாங்க், மோட்டார்சைக்கிள் பற்றரி என்று எதையெல்லாமோ இணைத்தார்கள். அந்தக் காலத்து ஒட்டு வயர்கள் இன்னும் பல அடுப்புகளில் தொங்குகின்றன. அதைக் கண்டால் முதலில் கழற்றுங்கள். சிவப்பு, கறுப்பு வயர் மாறியிருந்தாலும் இந்த வகை ஃபேன் சுற்றாது. தலைகீழாகச் சுற்றும் என்று நினைப்பார்கள், அப்படி இல்லை, சும்மா நிற்கும்.

இதழ் சூட்டில் வளைந்து உரசுகிறது என்றால் ஃபேன் புதிதாக வாங்க வேண்டியதுதான். வயர் உருகியிருக்கிறது, அல்லது அடுப்பின் உடம்பைத் தொட்டால் சுரீர் என்கிறது என்றால் நீங்கள் தொடாதீர்கள். மெயினில் அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## புகை, கண் எரிச்சல்

முதல் பத்து நிமிடம் கொஞ்சம் புகைந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகும் புகைந்தால் அளவைக் குறை சொல்ல வேண்டாம், கரி வேகவில்லை. குருநாகல், சிலாபம் பக்கம் குழியிலும் பீப்பாயிலும் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்குகிறார்கள். அவசரத்தில் மூடியைத் திறந்தால் பாதிச் சிரட்டை சிரட்டையாகவே வந்துவிடும்.

பார்க்கிற முறையை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் சந்தியில் லோண்டரி வைத்திருந்த பெரியவர். கரி ஸ்திரிக்கைப்பெட்டியில் வேகாத துண்டு ஒன்று போனால் வெள்ளைச் சட்டையில் புகை மணம் ஏறிவிடும், அதனால் அவர் ஒவ்வொரு துண்டையும் பார்த்துத்தான் போடுவார். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். "டிங்" என்று சில்லறைக் காசு போலச் சத்தம் வந்தால் பெட்டிக்குள். "டொக்" என்று மரம் போலக் கேட்டால் ஓரத்துக்கு. சந்தேகம் என்றால் உடைப்பார். முறிந்த முகம் பளபளவென்று கறுத்திருந்தால் நல்லது, மண்ணிறம் தெரிந்தால் வேகாதது.

அப்படிப்பட்ட துண்டுகளைப் பொறுக்கி வெளிமுற்றத்து விறகடுப்பில் எரியுங்கள். பை முழுக்க அப்படித்தான் என்றால் கடையை மாற்றுங்கள். வேறு வழியில்லை.

## வெடித்துத் தெறிக்கிறது

ஈரம், அல்லது மரக்கரியில் பட்டை ஒட்டியிருக்கிறது. ஆறிய கரியைச் சிவந்த தணல்மேல் நேரே போடாமல், முதலில் அடுப்பின் ஓரத்தில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடு காட்டுங்கள். பெரிய துண்டுதான் அதிகம் வெடிக்கும், உடைத்தால் குறையும். பிள்ளைகள் நிற்கிற பக்கத்தில் அடுப்பை வைக்காதீர்கள். கருகி அடையாளம் விழுந்த தரைவிரிப்பும் யன்னல் சீலையும் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

## கரி சட்டென்று முடிகிறது, சோறு அடிப்பிடிக்கிறது

கரி கூடுதலாக எரிகிறது என்றால் அடுப்பு நல்ல நிலையில் இருக்கிறது. இங்கே வேண்டியது எதிர்ப்பக்கம்: பெரிய துண்டு, குறைந்த காற்று.

சோறு கொதித்துக் கஞ்சி வடித்ததும் சாம்பல் கதவை முக்கால்வாசி மூடுங்கள், ஃபேன் என்றால் அணையுங்கள். தேசிக்காய் அளவில் இரண்டு துண்டை மேலே வைத்து, சாம்பலை ஒரு அகப்பை தூவிவிடுங்கள். தணல் மூடிக்கொண்டு நின்று எரியும். பயறும் எலும்பும் அந்தச் சூட்டில் வேகட்டும். தோசைக்கும் தாளிப்புக்கும் பாக்களவு, திறந்த கதவு. தாளிப்பை முதலில் முடித்துவிட்டுப் பிறகு நெடுநேரச் சமையலை ஏற்றுகிறவர்களுக்கு ஒரே கரி இரண்டு வேலை செய்யும்.

சமைத்து முடிந்து மிஞ்சிய தணலைத் தண்ணீர் ஊற்றி அணைக்காதீர்கள். மூடி இறுக்கமாக உள்ள பழைய பிஸ்கட் தகரத்தில் குறட்டால் எடுத்துப் போட்டு மூடுங்கள், காற்றில்லாமல் தானே அணையும். நாளைக்குப் பற்றவைக்க அதைப்போல ஒன்று கிடைக்காது, ஒருமுறை பிடித்த கரி சுலபமாகப் பிடிக்கும். சாம்பலை மட்டும் அன்றைக்கே குப்பைப் பையில் கொட்ட வேண்டாம். காலையில்கூட உள்ளே ஒரு பொறி இருக்கும். குப்பை வாளி பற்றி, மாடிப்படியில் புகை ஏறினால் தீயணைப்புப் படைக்கு 110.

சேர்த்து வைத்த குறுணலுக்கு வேலை இங்கேதான். தூளைப் பழங்கஞ்சியில் பிசைந்து பாக்கைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையாகப் பிடித்து, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். உள்ளே காயாத உருண்டை புகையும், உடைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

## அடுப்பே வெடித்திருக்கிறது, தட்டி வளைந்திருக்கிறது

உள்மண்ணில் மயிரிழை வெடிப்பு என்றால் களிமண்ணில் செங்கட்டித் தூள் கலந்து பூசி, நிழலில் காயவிட்டு, முதல் இரண்டு நாள் சிறு தணல் மட்டும் போடுங்கள். சீமெந்து பூச வேண்டாம், சூட்டில் உதிரும். விரல் நுழைகிற வெடிப்பு, அல்லது வெளித்தகரம் சிவக்கிறது என்றால் அந்த அடுப்பில் இனிச் சமைக்காதீர்கள்.

தட்டி வளைந்தால் வெல்டிங் பாஸிடம்தான் போக வேண்டும். சாதாரண இரும்புக் கம்பி கேளுங்கள், பளபளவென்று நாகம் பூசியது கூடாது. சூடேறினால் அதன் புகை ஆளுக்கு ஆகாது. ஐந்துலாம்புச் சந்திப் பக்கம் நான் போகிற பாஸ் முதல் தடவை "எவ்வளவு கேப் விடட்டும்?" என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது போகும்போது வீட்டில் சலித்த கரியில் ஒரு பிடியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோகிறேன். அவர் அதில் மிகச் சின்னத் துண்டாக ஒன்றைப் பொறுக்கி, இரண்டு கம்பிக்கு நடுவில் வைத்துப் பார்க்கிறார். விழாத இடைவெளியில் கம்பியைப் பற்றவைக்கிறார்.